வாசலில் கட்டும் மணிக்கூடு

என் மகள் றிபாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த அன்று எங்கள் ஹோலில் பதினேழு பேர் இருந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். ஆள் எண்ணாமல் எந்தக் கூட்டத்திலும் இருக்க வராது. அந்தப் பதினேழு பேருக்கும் கேட்கும்படியாகத்தான் மாப்பிள்ளை பர்ஸான் சொன்னார்:

"சீதனம் ஒரு சதமும் வேணாம். மார்க்கம் தடுத்த ஒண்ட நான் கையாலயும் தொட மாட்டன். கைக்கூலிக் கூட்டில 'இல்லை' எண்டே எழுதுங்க."

நிக்காஹ் பதிவில் கைக்கூலி என்று ஒரு கூடு உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்தை அதில் எழுத வேண்டும். வாரி வாங்கியவர்களும் அதில் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். ஒருவர் உண்மையாகவே இல்லை என்றது எங்களுக்குப் புதுமை. அவருடைய வாப்பா மீராசா ஹாஜியார் பெருமையை மறைக்கத் தலையைக் குனிந்தார். குனிந்தபடியே யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தும் கொண்டார். அடுத்த ஜும்ஆவில், கட்டாரில் வேலை செய்யும் ஒரு பொறியியல்காரப் பிள்ளை சீதனத்தை மறுத்தது பற்றிப் பெயர் குறிப்பிடாமல் பேசப்பட்டது. எல்லோரும் பார்ப்பதற்கு வசதியாக ஹாஜியார் முன்வரிசையில் இருந்தார்.

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது, மழை பெய்வது போல, தானாக நடக்கிற காரியம். சீதனம் மறுத்த மாப்பிள்ளை எந்தக் கூரைக்குக் கீழே படுப்பார் என்று கேட்டால் கேட்டவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நானும் கேட்கவில்லை. றிபாவுக்கு இருபத்தொன்பது வயது. முன்பு பேசிய ஒரு சம்பந்தம், நாள் குறித்த பிறகு நின்றுபோனது. இரண்டாவதும் நின்றால் மூன்றாவதாக ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார் என்று என் மனைவி மைமூனா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம் எனக்கும்தான்.

நிக்காஹ்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பர்ஸானிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. ஒரு மணிக்கூட்டின் படம். நீல முகம், ஸ்டீல் பட்டி. கீழே ஒரு நீண்ட இலக்கம். அதற்கும் கீழே:

"மாமா, வாசல்ல எப்படியும் மணிக்கூடு கட்டுவீங்கதானே. கட்டினா இதக் கட்டுங்க. இந்த இலக்கத்தைச் சொன்னாப் போதும். நகல் சாமான் கொடுக்கிற இடங்கள்ல வாங்கிராதீங்க, கொழும்புல கம்பனிட கடை இரிக்கி."

மாப்பிள்ளை முதல் முதல் பெண் வீட்டு வாசலுக்கு வரும்போது பெண்ணின் வாப்பா அவர் கையில் மணிக்கூடு கட்டி உள்ளே கூட்டிப்போவது எங்கள் குடும்பத்து வழக்கம். எனக்கு என் மாமனார் கட்டியது கல்முனை பஸாரில் வாங்கியது. பட்டியை நான்கு தரம் மாற்றியிருக்கிறேன். நேரம் இன்றைக்கும் சரி. என்ன மணிக்கூடு என்று மாப்பிள்ளை இலக்கம் அனுப்பிக் கேட்டதை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

அந்தக் கம்பனியின் பெயரை எழுதி அவர்களுக்கு விளம்பரம் செய்ய நான் விரும்பவில்லை. விலையை றிபாதான் தன்னுடைய போனில் தேடிப் பார்த்தாள். கணித ஆசிரியை, பூச்சியங்களை இரண்டு தரம் எண்ணிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். நாவிதன்வெளியில் எனக்கிருக்கும் இரண்டு ஏக்கர் வயலும் அந்த மணிக்கூடும் ஏறக்குறைய ஒரே விலை.

"வாப்பா, இது சீதனம் இல்லையா?" என்றாள்.

"அன்பளிப்பு, மகள்."

எனக்கே வெட்கமாக இருந்தது. கந்தோரில் இப்படித்தான் செய்வோம். செலவு அதேதான்; தலைப்பை மாற்றினால் கணக்காய்வாளர் கேட்க மாட்டார்.

"அவருக்கு நேரம் பாக்கிறதுக்கு ரெண்டு ஏக்கர் வேணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டாள். மறுக்கவில்லை. முதல் சம்பந்தம் நின்றபோது உம்மா எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்பது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

வயலை விற்க, வாங்கும் ஆள் பார்த்துத் தந்தவர் கனகரெத்தினம். காணிக் கந்தோரில் என் பக்கத்து மேசை, நாவிதன்வெளிக்காரர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு வேன் வைத்திருக்கிறார். ஆள் பார்த்துத் தந்தாரே தவிர, ஏசுவதை நிறுத்தவில்லை.

"மசூர், அது வாய்க்கால் பக்கத்து வயல். கடைமடையில தண்ணி இல்லாத காலத்திலயும் உனக்குத் தண்ணி வந்த வயல். அத ஒருத்தன் கையில கட்டிக்கிட்டுத் திரியப் போறான். ரெண்டு போகமும் விளைச்சுக் குடுக்குமோ அந்த மணிக்கூடு?"

"வயல் எழுதிக் குடுக்கிறது திங்கக்கிழமைதான். அதுக்கு முன்னம் மணிக்கூடு இரிக்கா எண்டு பாத்திட்டு வருவம். வேனை எடு" என்றேன்.

வியாழக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கொழும்புக் கடைக்குப் போய்ச் சேரப் பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது. கண்ணாடிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெளியே தொப்பி போட்ட காவலாளி, அப்பொயின்ட்மென்ட் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, வாங்க வந்திருக்கிறேன் என்றேன். வாங்க வருகிறவர்களுக்குத்தான் அப்பொயின்ட்மென்ட் என்றார். அவர் உள்ளே போன் பண்ணிக் கேட்டு, அவர்கள் இன்னொருவரைக் கேட்டு, என் மணிக்கூட்டில் பதினெட்டு நிமிடம் நடைபாதையில் நின்றோம்.

"வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க போல" என்றார் கனகரெத்தினம். "போ. கேட்டா எனக்கும் ஒரு இடம் இருக்கோ எண்டு கேள். நான் வேனுக்க இருக்கன்."

உள்ளே மீன் ஐஸ் அறையைப் போலக் குளிர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தவர் என் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைப் பார்த்தார். என் மாமனார் கட்டிய மணிக்கூட்டைப் பார்த்ததும் அவருக்கு ஒரு தொகை விளங்கிவிட்டது. அதன் பிறகுதான் முகத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். தலைக்கு ஸ்காப் கட்டிய ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டார். பிள்ளையின் நெஞ்சில் றுக்ஸானா என்று பெயர்ப்பட்டி. கொழும்புப் பிள்ளை; 'இருந்து', 'இருக்கு' என்பதை 'ஈந்து', 'ஈக்கி' என்கிற பேச்சிலேயே தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் அங்கிள். எங்க ஈந்து வாற?"

"கல்முனை."

"அல்லா, அவ்ளோ தூரம் ஈந்தா?" தட்டில் வைத்துக் கண்ணாடிப் போத்தல் தண்ணீர் கொடுத்தாள். கையில் சிலேட்டுப் பலகை அளவில் ஒரு போன். "கொஞ்சம் விவரம் கேக்கணும் அங்கிள், கோவிக்க வாணாம்."

ஒன்பது கேள்விகள் கேட்டாள். என்ன தொழில், சொந்த வீடா, பிள்ளைகள் எத்தனை பேர், என்ன விசேஷத்துக்கு வாங்குவது, இதற்கு முன் இந்தக் கம்பனியின் மணிக்கூடு எத்தனை வைத்திருந்தேன், குடும்பத்தில் யாராவது வைத்திருக்கிறார்களா. நான் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பாதி தாண்டியதும் எங்கேயோ கேட்ட கேள்விகளாக இருக்கிறதே என்று யோசித்தேன். எங்கள் கலியாணத் தரகர் றிஸ்மி கேட்டவைதான். அவர் கேட்டபோது தேத்தண்ணியும் பாலப்பமும் நாங்கள் வைத்தோம். இங்கே தண்ணீர் அவர்கள் வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறகு பர்ஸானின் இலக்கத்தைக் காட்டினேன்.

"ஆ, இது ஈக்கி" என்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காட்டினாள். நீல முகம், ஸ்டீல் பட்டி. வெளிச்சத்துக்குக் கீழே ஒரு குட்டிக் கதிரையில் சாய்ந்து இருந்தது. எனக்கு மனம் ஒரு பக்கம் ஆறியது, ஒரு பக்கம் வயலை நினைத்து வலித்தது.

"சரி. எடுங்க மகள்."

"இல்ல அங்கிள். இது காட்ட மட்டும்தான் வெச்சீக்கி."

"விக்கிறதில்லையா?"

"விக்கிற. இத விக்கிற இல்ல."

"அப்ப விக்கிறது எங்க இரிக்கி?"

"வந்தாத்தான் அங்கிள். லிஸ்ட் ஈக்கி. ரெண்டு மூணு வருசம் போகும். சில நேரம் வராமலும் போகும்."

"முழுக் காசையும் இண்டைக்கே தந்தாலும்?"

"காசு இல்ல அங்கிள் பிரச்சினை." அந்தப் பிள்ளைக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், பலகைப் போனைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "எங்களோட அங்கிளுக்கு ஹிஸ்டரி இல்ல. மொதல்ல வேற ஏதும் எடுத்து, எங்களோட ஒரு உறவு வந்தா, பிறகு யோசிப்பாங்க."

நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் இருந்தவன். என்னைப் பற்றி ஒரு முறைப்பாட்டுக் கடிதம் இல்லை. ஊரில் மூன்று பள்ளிவாசல் காணி வழக்குகளுக்கு என் கையெழுத்துத்தான் சாட்சி. இவ்வளவும் ஹிஸ்டரி இல்லை. தேவையில்லாத இன்னொரு மணிக்கூட்டை வாங்கினால் ஹிஸ்டரி. வாங்க வந்தவனை வாங்கத் தகுதியா என்று பார்க்கிற கடையை நான் அன்றுதான் கண்டேன். கண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கு முன் எங்கள் ஹோலிலும் அதே கடைதான் திறந்திருந்தது, நான் கவனிக்கவில்லை.

"அப்ப இண்டைக்கு எடுத்துப் போக ஒண்டும் இல்லையா?"

கோட்டுக்காரர் தூரத்தில் நின்று தலையை அசைத்தார். றுக்ஸானா உள்ளே போய் ஒரு தோல் தட்டில் இரண்டு மணிக்கூடுகளைக் கொண்டுவந்தாள். கையில் வெள்ளை உறை போட்டிருந்தாள். ஒன்று மஞ்சள் தங்கம். பார்த்ததும், வேண்டாம் மகள் என்றேன். ஆண்களுக்குத் தங்கம் ஹறாம் என்பது மதறசாவில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. மற்றது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் போலவே இருந்தது. நீல முகம், வெள்ளைப் பட்டி.

"இது ஸ்டீல்தானே?"

"வெள்ளத் தங்கம் அங்கிள். பாக்க ஸ்டீல் மாதிரியே ஈக்கும். இதுக்கு லிஸ்ட் இல்ல. இண்டைக்கே எடுக்கலாம்." குரலைத் தாழ்த்தினாள். "எங்கட ஆக்கள் கனபேர் இதான் எடுக்கிய. ஒருத்தருக்கும் தெரிய வராது."

"ஒருத்தருக்குமா?" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு, "எனக்குச் சொல்லித் தந்தீக்கிறத சொன்னேன் அங்கிள்" என்றாள்.

விலை ஸ்டீலைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் எனக்கு விலையைக் கேட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது. தங்கம் என்றதும் விசயம் முடிந்தது. சீதனத்தைக் கையால் தொடாதவர் தங்கத்தைக் கையில் கட்டுவாரா? ஸ்டீல் இல்லை என்று சொல்லிவிட்டால், பஸாரில் ஒரு நல்ல மணிக்கூட்டை வாங்கிக் கட்டிவிடலாம். வயலும் மிஞ்சும், கலியாணமும் நடக்கும். அந்தச் சந்தோசத்தில் அங்கேயே நின்று கட்டாருக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

பர்ஸான் வேலைத்தளத்தில் இருந்தார். தலையில் மஞ்சள் தொப்பி. நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன்: ஸ்டீல் இல்லை, மூன்று வருடம் ஆகலாம், இருப்பது தங்கம்.

"மஞ்சள் சரிவராது மாமா. ஹறாம்தானே."

"ஓம் மகன். அதான் நானும் சொன்னன். மற்றதும் வெள்ளத் தங்கமாம்."

"வெள்ளையா? காட்டுங்க பாப்பம்." காட்டினேன். போனைக் கிட்ட வைக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், பின்பக்கம் காட்டச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு பசி வந்ததைக் கண்டேன். நோன்பு நாளில் மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கஞ்சிக் கோப்பையைப் பார்க்கிற முகம். "இது அச்சு அசலா ஸ்டீல் மாதிரியே இரிக்கே, மாமா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"மகன், வெள்ளையும் தங்கம்தான். சாயம் வேற, சாமான் ஒண்டு."

"அதெல்லாம் மனசில இரிக்கிற நிய்யத்தப் பொறுத்தது மாமா. நான் தங்கம் எண்டு நினைச்சா கட்டப்போறன்? மணிக்கூடு எண்டு நினைச்சித்தானே கட்டுறன்."

றுக்ஸானா வெள்ளை உறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டது.

"விலை கூட, மகன். வயல் வித்தாலும் காணாது."

"அது தெரியும் மாமா." மிகவும் பெருந்தன்மையாகச் சொன்னார்: "வீட்டுக்கு மேல்மாடி கட்டுறதெண்டு வெச்சிருக்கிற காசு இரிக்கிதானே. மேல்மாடிய இப்ப கட்ட வேணாம். எங்களுக்கு அவசரமில்ல."

என் வீட்டு மேல்மாடியை எனக்கு விட்டுத் தந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கோட்டுக்காரர் வந்து ஐந்து மணி வரை எனக்காக எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஸ்டீல் லிஸ்டில் என் பெயரையும் எழுதிக்கொள்வதாகச் சொல்லி, விசிட்டிங் காட் ஒன்றைத் தந்தார். இரண்டு கையாலும் தந்தார். வெள்ளைத் தங்கத்தின் விலையைக் கேட்ட பிறகும் நான் எழுந்து ஓடாததில் என்மேல் அவருக்கு மதிப்பு வந்திருந்தது.

வேனில் கனகரெத்தினம் சோற்றுப் பார்சலை விரித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தங்கம் ஏன் கூடாது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு,

"அப்ப ஆளுக்குப் பயம் ஊருக்குத்தான். மேல இருக்கிறவருக்குப் பயமில்ல" என்றார். "சீதனம் வேணாம் எண்டதும் ஊருக்குத்தான். மசூர், உனக்கு இவர் மருமகனா வாறார், நல்லது. நாளைக்கு எனக்கிட்ட ஆயிரம் ரூவா கைமாத்துக் கேட்டா நான் குடுக்க மாட்டன், இப்பவே சொல்லிட்டன்."

"சும்மா இரு கனகரெத்தினம்."

"நான் சும்மாதான் இருக்கன். நீதான் அஞ்சு மணி வரைக்கும் யோசிக்கிறாய். என்னத்த யோசிக்கிறாய்?"

அவர் கேட்டது சரி. நான் யோசித்தது மார்க்கத்தையல்ல. மைமூனாவின் முகத்தை. இரண்டாவது சம்பந்தமும் நின்றது என்று மூன்று தெருவிலும் பெண்கள் கதைப்பதை. உண்மையைச் சொன்னால், மேல்மாடிக் காசு எந்த வங்கியில் எவ்வளவு நாளில் எடுக்கலாம் என்பதையும் யோசித்தேன். இவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நானும் அந்த வேனுக்குள் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டுக்கு அழைத்தேன். மைமூனா போனை ஒலிபெருக்கியில் போடுவாள் என்று தெரிந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆருக்குத் தெரியப்போகுது" என்று அவர் சொன்னதையும் சொன்னேன். மைமூனா, "என்ன கா செய்யிற" என்று யாரையோ கேட்டாள். பிறகு றிபாவின் குரல்.

"வாப்பா, சாப்பிட்டீங்களா?"

"இல்ல மகள்."

"சாப்பிட்டுட்டு வெறுங்கையோட வாங்க. அந்தக் காட் ஒண்டு தந்தாங்க எண்டீங்களே, அத மட்டும் பத்திரமாக் கொண்டு வாங்க. எனக்கு வேணும்."

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மீராசா ஹாஜியாரும் தரகர் றிஸ்மியும் வந்தார்கள். பதிவுகாரருக்குக் கொடுக்கும் விவரங்களை நிரப்ப வந்ததாகச் சொன்னார்கள். ஹாஜியாரின் கண் மேசை, அலுமாரி, ஷோகேஸ் என்று ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. மகன் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

"கொழும்புக்குப் போன பயணம் எப்படி, மசூர்?"

"அல்ஹம்துலில்லாஹ். முதல்ல எழுத வேண்டியத எழுதிருவம் ஹாஜியார்."

றிஸ்மி பேனையை எடுத்தார். பெயர், வயது, விலாசம். கைக்கூலி: இல்லை. ஹாஜியார் அந்தச் சொல்லை எழுதி முடியும் வரை பார்த்திருந்து ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்தது மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது.

"மகன் சொன்னான், பதினோராயிரத்து ஒண்டு எழுதச் சொல்லி" என்றார் ஹாஜியார். "மஹர் லேசா இரிக்கிறதுதான் பறக்கத்து, அல்லாட அருள்."

"மஹரக் கேக்கிறது என்ட ஹக்கு, என்ட உரிமை, ஹாஜியார் மாமா." திரைக்குப் பின்னாலிருந்து றிபா சொன்னாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வகுப்பறைக்குள் நுழைகிற நடை. "நான் கேக்கிறது ஒரு சாமான். வேற ஒண்டும் வேணாம்."

"கேளுங்க புள்ள, கேளுங்க" என்றார் ஹாஜியார், சிரித்துக்கொண்டு. பெண் பிள்ளை ஒரு மோதிரம் கேட்கும் என்று நினைத்திருப்பார்.

"ஒங்கட மகன் கொழும்புல பாத்த மணிக்கூடு. நீல முகம், வெள்ளத் தங்கம். அவருக்கு அது ஹறாம். எனக்கு ஹலால். அத மஹரா எழுதுங்க."

றிஸ்மி பேனையை மேசையில் வைத்துவிட்டார். ஹாஜியார் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், உள்ளே இன்னொருவர் இருந்து இதைச் சொல்லிக் கொடுக்கிறாரோ என்று. உள்ளே மைமூனா மட்டும்தான் இருந்தாள். அவள் அழவில்லை, நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள, அது என்ன விலை எண்டு தெரியுமா?"

"தெரியும் மாமா. எங்கட வயலும் மேல்மாடியும்."

"ஒரு மணிக்கூட்டுக்கு அவ்வளவு காசா? பகிடிக்கும் ஒரு அளவு வேணும். நேரம் பாக்கிற சாமானுக்கு ஆராவது அவ்வளவு குடுப்பானா? கொள்ளையடிக்கிற வேல!"

"நானும் அதத்தான் ஹாஜியார் மூணு கிழமையா யோசிச்சன்" என்றேன். "ஒங்கட வாயால வந்தது நல்லதாப் போச்சி."

அவர் எழுந்தார். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். றிபா அந்த விசிட்டிங் காட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"கடை விலாசம், மாமா. அப்பொயின்ட்மென்ட் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. உள்ள ஒன்பது கேள்வி கேப்பாங்க. ஹிஸ்டரி இரிக்கா எண்டு பாப்பாங்க. இல்லாட்டி லிஸ்ட்ல போடுவாங்க. எனக்கும் அவசரமில்ல."

காட்டை வாங்காமல் போனார். அவசரத்தில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், தெரு மூலையில் நின்று, றிஸ்மியிடம் கொடுத்து அனுப்பித் தன்னுடையதை எடுத்துக்கொண்டார்.

பர்ஸானின் பதில் அன்றைக்கே குரல் பதிவாக வந்தது. இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். பெண்கள் மஹரை இலகுவாக்குவது பற்றி மார்க்கம் சொல்வதையெல்லாம் சொன்னார். உலக ஆசை பற்றிச் சொன்னார். ஆடம்பரம் ஒரு குடும்பத்தை எப்படி அழிக்கும் என்று சொன்னார். மணிக்கூடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. றிபா முழுவதையும் கேட்டாள். "கட்டாயம் பாடம் நடத்தத் தெரிஞ்ச ஆள்" என்று சொல்லிவிட்டு, தேடிவைத்திருந்த மணிக்கூட்டுப் படத்தையும் அந்தக் குரல் பதிவையும் சேர்த்தே அழித்தாள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. மசூருடைய மகள் மஹருக்குத் தங்க மணிக்கூடு கேட்டாளாம், பேராசைக்காரி, அதனால்தான் நல்ல மாப்பிள்ளை கைவிட்டுப் போனது என்று கதைத்தார்கள். சீதனம் மறுத்தவரைப் புகழ்ந்த அதே வாய்கள்தான். மைமூனா ஒரு கலியாண வீட்டுக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தாள். வந்து, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். முதல் தடவை செய்யாதது அது.

வயலை எழுதிக் கொடுக்கவில்லை. கனகரெத்தினம் வாங்க வந்தவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்றார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம், கொழும்பு இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு. றிபா பக்கத்தில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் றுக்ஸானா. ஞாபகம் ஈக்கா? அந்த ஸ்டீல் வந்தீக்கி. முன்னுக்கு ஈந்த ஆக்கள் கனபேர் வாணாம் எண்டுட்டாங்க. அங்கிள்ட பேர் மேல வந்தீக்கி. நாலு நாளைக்குள்ள எடுக்கணும்."

"மூணு வருசம் எண்டீங்களே மகள்."

"அப்படித்தான் அங்கிள் சொல்லச் சொல்லிய." பின்னால் யாரோ இருக்கிறார்கள் போல, குரலைச் சரிசெய்துகொண்டாள். "மாப்பிள்ளைக்குத்தானே அங்கிள்?"

"அந்த மாப்பிள்ள காட்ட மட்டும் வெச்சிருந்தது, மகள். எனக்குப் பிந்தித்தான் வெளங்கிச்சி."

மறுமுனையில் மூக்கால் ஒரு சிரிப்பு வந்து உடனே அடங்கியது. "அப்ப வெள்ளத் தங்கத்தையும் எடுக்க இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள். பலகைப் போனில் இருக்கிற கேள்வியல்ல அது. றிபா மஹருக்குக் கேட்டதைச் சொன்னேன்.

"அல்லா," என்றாள். "மகளுக்கு என்ட சலாம் சொல்லுங்க அங்கிள்." பிறகு வேலைக் குரலில்: "பேர லிஸ்ட்ல வெக்கவா, வெட்டவா?"

றிபா தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், கையிலிருந்த சிவப்புப் பேனையால் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"வெட்டுங்க" என்றேன். வெட்டிய இடத்தில் திகதி போட்டுக் கையொப்பமும் வைக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் கடையில் அப்படியொரு ஒழுங்கு இருக்காது என்று விட்டுவிட்டேன்.